சீப்பு மறுபடியும் மேடையேறுறான்

...பாருங்க சார், பாருங்க, சீப்பு மறுபடியும் மேடைக்குப் போறான். மூணாவது தடவ. அந்தப் படிக்கட்டுக்கே இந்நேரம் அவன் காலு பழகிப் போயிருக்கும். சீப்புங்கறது அவன் பேரு இல்ல சார், எங்க தொழில்ல எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். எதிர் சேனல் ஆங்கர். பங்குச் சந்தை தலைகுப்புற விழுந்தாலும் அவன் தலையில ஒரு முடி அசையாது. அதுக்கும் ஒரு விருது குடுக்கலாம். குடுத்தாலும் குடுப்பாங்க, யாரு கண்டா.

பின்ன என்ன சார்... இன்னிக்குக் குடுத்ததெல்லாம் பாத்தீங்கல்ல? சிறந்த காலைச் சந்தை நிகழ்ச்சி. சிறந்த மாலைச் சந்தை நிகழ்ச்சி. காலையில விலை ஏறும்னு சொன்னவனுக்கு ஒண்ணு, சாயங்காலம் ஏன் ஏறலன்னு சொன்னவனுக்கு ஒண்ணு. ரெண்டும் இந்தச் சீப்புதான், டை மட்டும் வேற. அப்புறம் சிறந்த நிபுணர்னு ஒருத்தர் போனாரே, தாடி வெச்சுக்கிட்டு... அவரு சொன்னதுக்கு நேர் எதிரா செஞ்சு எங்க மேக்கப்காரம்மா வீடு வாங்கிட்டாங்க. சத்தியமா.

நீங்க சாப்பிடுங்க, எனக்காகக் கைய நிறுத்தாதீங்க. நீங்க விளம்பரக் கம்பெனியா? இல்லையா... பேங்கா? சரி, எதுவா இருந்தா என்ன, எங்க தொழில் இல்லல்ல, அது போதும். மனசு விட்டுப் பேசலாம். இந்த ஹால்ல மத்த எல்லாரும் சிரிச்சுக்கிட்டே குழி பறிக்கறவங்க. நானும்தான். இருபது வருஷமா இதே பொழப்பு, இப்ப எங்க சேனலுக்கு நான்தான் தலைமை ஆசிரியர்.

எனக்கு விருது வேணும்னு நான் புலம்பல சார். வீட்டுல தூசி தட்ட ஆளில்ல. எங்க எறும்புக்காகத்தான் வயிறு எரியுது. அதோ, தூணு ஓரத்துல நீலப் பொடவை, நகத்தக் கடிச்சுக்கிட்டு... அதுதான். எந்த ஆபீஸு பூட்டியிருந்தாலும் எப்படியாவது உள்ள நுழைஞ்சிரும், அதான் அந்தப் பேரு. எங்க சேனல்ல வெளிய போய்ச் செய்தி எடுத்துட்டு வர்ற ஆளுன்னு இப்ப மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் ஸ்டூடியோவுலயே உக்காந்து, கட்டத்துக்கு ஒரு தலையா கத்தற கூட்டம்.

முதலாளி என்ன சொல்லிட்டாருன்னா, இந்த வருஷம் சிறந்த செய்தித் தொகுப்பு விருது வந்தா வெளிச்செய்திப் பிரிவு இருக்கும், வரலைன்னா மூடிட வேண்டியதுதான். கத்தறதுக்கு பெட்ரோல் செலவு இல்ல பாருங்க. எறும்புக்கு வேற எடத்துலேருந்து நல்ல வேலை வந்துச்சு. நான்தான் போகாதேன்னேன். "நான் இருக்கேன்ல, விருது நமக்குத்தான்"னு வாயக் குடுத்துட்டேன். அதுவும் என்னை நம்பி அந்த வேலைய வேண்டாம்னுடுச்சு. இப்ப அந்த விருதுக் கோப்பையோட சீப்பு பல்லக் காட்டிக்கிட்டு நிக்கறான். அந்தப் புள்ளை மூஞ்சியில நான் எப்படி முழிக்கறது, சொல்லுங்க.

யாரு நடுவர்னு கேக்கறீங்களா? அதான் பெரிய கூத்து. நாங்களேதான். எல்லா சேனல் ஆசிரியருங்களும். தூரப் போய் ஆளு தேடுவானேன்னு விட்டுட்டாங்க. ஆனா நேர்மை, சார், நேர்மை... வர்ற வீடியோ எல்லாத்துலயும் லோகோ மேல கறுப்புக் கட்டம் ஒட்டிருவாங்க, ரிப்போர்ட்டர் மூஞ்சிய மங்கலாக்கிருவாங்க. குரல் மட்டும் அப்படியே விட்டுருவாங்க. எது யாரோடதுன்னு தெரியாம மார்க் போடணுமாம்.

கொஞ்சம் கிட்ட வாங்க... நீங்க வெளியாளுங்கறதால சொல்றேன். எனக்குத் தெரிஞ்சிருச்சு. எறும்புகிட்ட நான்தான் சொல்லியிருந்தேன், அந்தத் திவாலான பேங்கு கதைய அனுப்புன்னு. லிஸ்டுல பாத்தேன், பேங்கு கதை இருந்துச்சு. அப்படியே முழு மார்க்கையும் போட்டுட்டேன். தப்புதான். ஆனா எதிர்ல இருக்கற எல்லாரும் அதத்தான் செய்வாங்கங்கறப்ப நான் மட்டும் யோக்கியமா இருந்து என்ன பண்ண? நான் முழு மார்க் போட்டும் தோத்துருக்குன்னா, மத்தவனுங்க எவ்வளவு கீழ இறக்கியிருப்பானுங்க. அதான் ஆத்திரம் தாங்கல.

ஆமா, எல்லாத்தையும் பாத்துத்தான் போட்டேன். ராத்திரிச் செய்தி வாசிக்கறதும் நான்தானே, மேக்கப் நாற்காலியில உக்காந்துக்கிட்டு, போன்ல... சத்தமா? சத்தமெல்லாம் யாரு வெப்பா. எங்க ஆபீஸ்ல சுவரு பூரா டிவி ஓடும், ஒண்ணுலயும் சத்தம் கிடையாது. வர்த்தகச் செய்திய காதால கேக்கவே வேண்டாம் சார், கண்ணால பாத்தாலே போதும். ஒரு பெரிய கட்டடம். நோட்டு எண்ணற விரலு. கீழ இறங்கற சிவப்பு அம்பு. வரிசையில நிக்கற ஜனம். முடிஞ்சிது. இதுல கேக்க என்ன இருக்கு?

ஒண்ணு இருந்துச்சு பாருங்க, அதச் சொல்லியே ஆகணும். ஒரு கிராஃப் கிடையாது, ஒரு நம்பர் கிடையாது. யாரோ ஒரு ஜெராக்ஸ் கடைக்காரம்மா ஷட்டரத் தூக்குறாங்க, உக்காருறாங்க, தெருவப் பாக்கறாங்க, ஷட்டர எறக்குறாங்க. மறுநாளும் அதே. நான் பாதியிலேயே தள்ளி விட்டுட்டேன். இவனுக்கெல்லாம் எவன் கேமராவக் கையில குடுத்தான்னு மேக்கப்காரம்மாகிட்ட சொல்லிச் சிரிச்சுட்டு, பத்துக்கு ஒண்ணு போட்டேன். அந்த ஒண்ணும் ஷட்டருக்கு.

இருங்க, சீப்போட வீடியோவத் திரையில போடறாங்க. அப்படி என்னத்தக் கிழிச்சிருக்கான்னு பாப்போம்... அட, இவனும் பேங்கு கதைதானா. ஊருக்கே வேற கதை கிடைக்கல போல. அதே கட்டடம்... அதே வரிசை... அந்தக் காவலாளி...

இல்ல சார். ஒண்ணும் இல்ல. அந்தக் காவலாளி கொட்டாவி விடற எடம்... அத நான் பாத்துருக்கேன். முழு மார்க் போட்டப்ப பாத்தேன்.

அப்ப நான் போட்டது இவனுக்கா? நான் தூக்கிக் குடுத்த மார்க்குலயா இவன் அங்க நின்னு பல்லக் காட்டுறான்? எங்க பேங்கு கதை எங்க போச்சு? எறும்பு அனுப்பலையா? நான் சொன்னேனே, அத்தனை தடவ சொன்னேனே...

உஷ்... ரெண்டாவது எடமாம். அதையும் போடறாங்க. மயிரிழையில தவற விட்டதுன்னு சொல்றாங்க, கேட்டீங்களா?

ஐயோ.

ஷட்டரு. மூலையில லோகோவப் பாருங்க, எங்க லோகோ. ஞாயித்துக்கிழமை மத்தியானம் போடற நிகழ்ச்சியில வந்திருக்கு. அத நான் என்னிக்குப் பாத்தேன், எங்க வீட்டுலேயே யாரும் பாக்க மாட்டாங்க. கேளுங்க... அது எறும்பு குரல்தான். தூக்கத்துல கேட்டாலும் எனக்குத் தெரியும் சார் அந்தக் குரல். எதிர்ல இருந்த தொழிற்சாலைய மூடிட்டாங்களே, இப்பதான் யாருமே வர்றதில்லையே, ஏன்மா தினமும் தெறக்கறீங்கன்னு கேக்குது. அந்தம்மா என்ன சொல்றாங்க... கேட்டீங்களா? "நான் மூடினா பக்கத்துக் கடைக்காரர் மூடிடுவாரு. அவரு மூடினா அடுத்தவரு. தெருவே போயிரும்மா."

இந்த வருஷம் பூரா அந்தத் தாடிக்காரர் கிராஃப் போட்டு விளக்கினது இதத்தான். ஒரு மண்ணும் புரியல. இந்தம்மா ரெண்டு மூச்சுல சொல்லிட்டாங்க.

வெக்கமா இருக்கு சார். வெளிய என்ன நடக்குதுன்னு காதால கேட்டுட்டு வந்து சொல்ல எங்ககிட்ட இருந்தது அந்த ஒரு புள்ளை. அதோட வேலைய இன்னிக்கு யாரும் பறிக்கல, நானே மேக்கப் போட்டுக்கிட்டே பறிச்சுட்டேன்.

வருது. இந்தப் பக்கம்தான் வருது. சார், நீங்க எழுந்திரிக்காதீங்க, தயவுசெஞ்சு... போன் வந்துச்சா? எங்க வந்துச்சு, மணியே அடிக்கலையே... சார், கொஞ்சம்... சரி, போங்க. நான் சொன்னது எதையும் யாருகிட்டயும்... போயிட்டாரு.

வாம்மா. உக்காரு, இந்த நாற்காலி காலிதான். கண்ணத் தொடச்சுக்கோ. நல்லாருந்துச்சும்மா, ரொம்ப நல்லாருந்துச்சு. பேங்கு கதைய எல்லாரும் அனுப்புவாங்கன்னு மாத்திட்டியா... புத்திசாலி. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. எனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு விட்டியா... ம். ஆச்சரியமாத்தான் இருந்துச்சு.

யாரோ ஒருத்தர் பத்துக்கு ஒண்ணு போட்டிருக்காங்களா? மேடை கிட்ட பேசிக்கறாங்களா? யாருன்னு தெரியலையாமா.

என்னம்மா சொன்ன, காது சரியாக் கேக்கல. எனக்காக நீங்க உள்ள எவ்வளவு சண்டை போட்டிருப்பீங்கன்னு தெரியும் மேடம்... அப்படியா சொன்ன.

போட்டேம்மா.

என்னையே ஏன் பாக்குற. மேடையப் பாரு.