திருவாதிரை மங்கிய மாதம்

அவைத்தலைவர் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! கிள்ளானிலிருந்து மாலை ரயில் பிடித்து வந்திருக்கும் அன்பர்களே! பிரிக்பீல்ட்ஸ் வாசகசாலைத் தாய்மார்களே!

விண்ணாய்வுச் செல்வர், ரயில்வே படவரைவாளர் சண்முகரத்தினம் அவர்கள் காய்ச்சலில் போய்விட்டார். பத்து வருஷம் பக்கத்து மேசையில் இருந்தவன் நான். எனக்கே இன்னும் நம்ப முடியவில்லை ஐயா!

விண்மீனும் பிறக்கிறது, வளர்கிறது, மடிகிறது என்று இதே மேடையில் அவர் பேசினாரே, நினைவிருக்கிறதா? "இந்த மாதம் திருவாதிரை மங்கிப்போய் நிற்கிறது, பாருங்கோ" என்றாரே! அந்த ஒரு பேச்சு கிள்ளான் பாசாருக்குப் போய்ச் சேர்ந்தபோது என்னவாயிற்று? "திருவாதிரை சாகப்போவுதாம்!"

அந்தப் பாசாரில் காய்கறி விற்கும் வள்ளியம்மாவின் மகளோ திருவாதிரையில் பிறந்தவள். நிச்சயம் ஆகியிருந்த பெண். மாப்பிள்ளையின் தகப்பனார், லோரி ஓட்டும் கன்னையா, கல்யாணத்தை நிறுத்திவிட்டார். வள்ளியம்மா நேரே எங்கள் அலுவலகத்துக்கே வந்து அழுதார்.

"நான் சொன்னது நட்சத்திரத்தை அம்மா, உங்கட மகளை இல்லை!" என்று துடித்துப்போனார் நம் சண்முகரத்தினம். கன்னையாவைத் தேடிக் கிள்ளானுக்கே போனார். வாதாடினாரா? இல்லை! "வந்து பாருங்கோ" என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமைதோறும் அந்தி சாய்ந்ததும் ரயில்வே குடியிருப்பு மைதானத்தில் அவரும் கன்னையாவும் வள்ளியம்மாவுமாக மூவரும் நின்றார்கள். பக்கத்தில் ரோகிணி, அதோடு திருவாதிரையை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வேலை. "இது குழந்தையா, கிழமா?" என்று கன்னையா கேட்டார். "மேல்நாட்டு அறிஞர்களே அதற்கு இன்னும் தங்களுக்குள்ளே அடிபட்டுக்கொண்டு இருக்கினம்" என்று சிரித்தார் இவர். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்தச் சிரிப்பில்தான் கன்னையாவின் பயம் தெளிந்தது என்பேன்.

விண்மீன் பிரகாசமாகும்வரை கன்னையா காத்திருந்தாரா? அதுதான் இல்லை! மங்கல் மாறாத ஒரு சனிக்கிழமை அவரே சொன்னார்: "அது பாட்டுக்கு மங்கும், அது பாட்டுக்கு வெளுக்கும். நம்ம பிள்ளைங்க என்னங்க செஞ்சாங்க? தேதி வைங்க லா!"

கல்யாணம் நடந்தது. பேரனும் பிறந்தான். சனிக்கிழமைப் பார்வையும் நிற்கவில்லை. பார்த்ததைச் சீமையிலுள்ள விண்ணாய்வுச் சங்கத்துக்குச் சண்முகரத்தினம் எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். "ஓரிடத்தில் முகில் மூடினால் இன்னோரிடத்தில் கண் திறந்திருக்க வேணும்" என்பார். அந்தக் கண் மூடிவிட்டதே! இனி யார் பார்ப்பது? ஒரு வாரமாக இந்தக் கவலைதான் எனக்கு.

போன சனிக்கிழமை மனசு கேட்காமல் மைதானத்துக்குப் போனேன். அங்கே வள்ளியம்மாவும் கன்னையாவும் எனக்கு முன்பே நிற்கிறார்கள்! "ரோகிணிய விட ஒரு மாத்துக் கம்மி. எழுதிக்குங்க அண்ணே. ஐயா போனாலும் அது மேலதானே இருக்கு?" என்றார் வள்ளியம்மா. எழுதிக்கொண்டேன். எழுத்துத்தான் சரியாகத் தெரியவில்லை, கண் கலங்கிவிட்டது.

அன்பர்களே! அவர் தொடங்கியதை நாம் விடமாட்டோம். தலை குனிந்து அஞ்சலி செய்வது வழக்கம். இன்றும் சனிக்கிழமை; மழை விட்டு வானம் வெளுத்திருக்கிறது. எழுந்து என்னோடு மைதானத்துக்கு வாருங்கள். அவருக்குத் தலையை நிமிர்த்தி அஞ்சலி செய்வோம்!