வினோலியா வேதபாடம் வாசித்த நாள்

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைமை வகிக்கும் நம் போதகர் சேகரகுரு ஐயா அவர்களே, செவிலியர் எவாஞ்சலின் சிஸ்டரோடு தீக்காயப் பிரிவில் பணியாற்றிய தலைமைச் செவிலியர் கற்பகவல்லி அம்மையார் அவர்களே, மனைவியை இழந்து நிற்கும் சிஸ்டரின் கணவர், அன்புச் சகோதரர் ஜெபசுந்தர் அவர்களே, விஸ்வநத்தம் சபையாரே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

எவாஞ்சலின் சிஸ்டர் போன புதன்கிழமை டூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் மாரடைப்பில் சாய்ந்து காலமானார். அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தோன்றவில்லை. இந்த அருள்பிரகாஷ் அவரோடு பல வருடம் சபைப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி நடத்தியவன். நான் எதைச் சொல்லி இந்தப் பிள்ளைகளைத் தேற்றுவது? தேற்றுகிறவரே போய்விட்டாரே.

முன்வரிசையில் இருக்கும் வினோலியாவின் அனுமதியோடு ஒன்றைச் சொல்கிறேன். அவள் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, பட்டாசு ஆலையில் வேலை பார்த்த அம்மாவுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோனாள். அந்த நேரத்தில்தான் பட்டாசு ஷெட் வெடித்தது. அம்மா பிழைக்கவில்லை. இவளுக்கு முகத்தில் ஒரு பக்கமும் கழுத்தும் வெந்துபோயின. வார்டில் அவளுக்குக் கட்டு மாற்றியவர் எவாஞ்சலின் சிஸ்டர். வீட்டுக்கு வந்த பிறகும் அவர் விடவில்லை. பள்ளிக்குப் போகாத பிள்ளையை ஞாயிறு பள்ளிக்கு அழைத்து வந்தார்.

அவள் கடைசி பெஞ்சில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு இருப்பாள். பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்.

பிள்ளைகளே ஆராதனையில் பங்கெடுக்கும் பாலர் ஞாயிறு வந்தது. "வேதபாடத்த வினோலியா வாசிக்கட்டும்" என்றார் சிஸ்டர். சபைக் கமிட்டியில் சலசலப்பு. ஒரு தாய் எழுந்து, "சின்னப் பிள்ளைக பயந்துரும் சிஸ்டர். அவளுக்கும் கஷ்டம்தான?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. சிஸ்டர் அவரிடம் சண்டை போடவும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டு வினோலியாவைச் சுற்றி உட்கார வைத்தார். "என்ன கேக்கணுமோ அவகிட்டயே கேளுங்க. அவளுக்குப் பிடிச்சா பதில் சொல்லுவா" என்றார்.

முதலில் ஒரு குட்டிப் பெண் கேட்டாள், "அக்கா, வலிக்கா?"

"இப்ப வலிக்கல. வெயில்ல அரிக்கும்."

"தொட்டுப் பாக்கவா?"

வினோலியா யோசித்தாள். "கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா. வார்டுல சிஸ்டர் அப்படித்தான் சொல்லுவாக."

பிள்ளைகள் சிரித்தார்கள். வினோலியாவும் சிரித்தாள். அன்றுதான் நான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

மறுநாள் அவள் வாசிக்க எழுந்தாள். பாதியில் நின்றுவிட்டாள். நான் சிஸ்டரைப் பார்த்தேன். அவர் எழுந்திருக்கவில்லை, புடவைத் தலைப்பைப் பிடித்தபடி இருந்தார். அப்போது அந்தக் குட்டிப் பெண் எழுந்து போய் வினோலியா பக்கத்தில் நின்றாள். அவளைப் பார்த்து இன்னும் சில பிள்ளைகள் போனார்கள். யார் சொல்லி? ஒருவரும் சொல்லவில்லை. வினோலியா துப்பட்டாவைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு மீதிப் பாடத்தையும் வாசித்து முடித்தாள். கமிட்டியில் மறுத்துப் பேசிய அந்தத் தாய், அடுத்த வாரத்திலிருந்து பாலர் வகுப்பு எடுக்க வந்துவிட்டார். இன்றும் எடுக்கிறார்.

எவாஞ்சலின் சிஸ்டர் சோர்ந்ததே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். போன வருடம் ஒரு பட்டாசு விபத்தில் ஒரே நாளில் வார்டு நிரம்பியது. அதற்குப் பிறகு அவர் ஞாயிறு பள்ளிக்கு வரவில்லை. நான் போய்க் கூப்பிட்டேன். "பாட்டுப் பாட வாயி வரல அண்ணாச்சி. இந்தப் பிள்ளைக மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்றார்.

அதற்குப் பதில் வினோலியாவிடம் இருந்தது. மறு ஞாயிறு மொத்த வகுப்பையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டு வாசலுக்கே போய்விட்டாள். "நீங்க வரலேன்னா நாங்க இங்கன வந்துருவோம் சிஸ்டர். நீங்க பாட வேண்டாம், சும்மா இருங்க. நாங்க பாடுதோம்" என்றாள். சகோதரர் ஜெபசுந்தர் பாய் விரித்தார். சிஸ்டர் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதார். அழுது முடித்து, அடுத்த வாரம் ஞாயிறு பள்ளிக்கு வந்தார்.

நண்பர்களே, சபை என்றால் வேறென்ன? பெரியவர் பிள்ளையைத் தூக்குவதும், பிள்ளை பெரியவரைத் தூக்குவதும்தானே? அதை நமக்குப் புரியவைத்தவர் அல்லவா எவாஞ்சலின் சிஸ்டர்?

கடைசியாக ஒன்று. வெம்பக்கோட்டைப் பக்கம் பாண்டிமுருகன் என்று ஒரு சகோதரர். நம் சபையைச் சேர்ந்தவர் அல்ல. அவர் மகள் தீக்காயம் ஆறி வீட்டுக்கு வந்திருக்கிறாள். கதவைத் திறப்பதில்லை. "எம்மக வீட்டுல இருக்க கண்ணாடியெல்லாம் ஒளிச்சு வைக்கா. ஒருதடவ வருவீகளா?" என்று அவர் வார்டுக்கே வந்து சிஸ்டரிடம் கேட்டிருக்கிறார். "ஞாயித்துக்கிழமை பிள்ளைகளோட வாரேன்" என்று சிஸ்டர் வாக்குக் கொடுத்திருக்கிறார். கற்பகவல்லி அம்மையார் நேற்றுதான் என்னிடம் சொன்னார்.

அந்த ஞாயிறு இன்றுதான்.

போக வேண்டும் என்று பிள்ளைகள் முடிவு செய்துவிட்டார்கள். வினோலியா முன்னால் நடப்பாள். அந்தக் கதவு இன்று திறக்குமா என்று எனக்குத் தெரியாது. திறக்காவிட்டால் அடுத்த ஞாயிறும் போவோம். வேன் வாசலில் நிற்கிறது. பெரியவர்களுக்கும் அதில் இடம் இருக்கிறது.

பேசி முடித்தவர்கள் அஞ்சலி செலுத்தி அமர்வது வழக்கம். என்னை மன்னியுங்கள், நான் அமரப்போவதில்லை. பிள்ளைகளே, எழுந்திருங்கள். புறப்படுவோம்.