மஞ்சள் தொண்டையும் சிவந்த வயிறும்

மீன் வளர்க்கிறவனுக்குப் பொறுமை அதிகம் என்பார்கள். எனக்கும் இருந்தது, ஐயா.

என் கடையில் மேற்கு ஆப்பிரிக்கக் குட்டை சிக்லிட் மட்டும்தான். விரல் நீள மீன். இனம் ஒன்றுதான், ஆனால் ஆற்றுக்கு ஆறு நிறம் மாறும். ஓர் ஆற்று ஆணுக்குத் தொண்டை மஞ்சள். பக்கத்து ஆற்று ஆணுக்கு வயிறெல்லாம் சிவப்பு. பெண்கள் மட்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். கலந்துவிட்டால் பிரிக்க வழியில்லை. அதனால் தொட்டி தனி, வலைகூடத் தனி என்று வைத்திருந்தேன்.

கடையில் எனக்குத் துணை, தங்கை வீட்டுக்காரர். எங்களைக் கேட்காமல் அவளே தேடிக்கொண்டவர். அதில் எனக்கு வருத்தமில்லை. அவருக்கு வேலை கொடுத்ததே நான்தானே.

நான் வெளியூர் போயிருந்தபோது மஞ்சள் தொட்டி விரிசல் விட்டிருக்கிறது. அவர் எல்லாவற்றையும் அள்ளிச் சிவப்புத் தொட்டியில் போட்டுவிட்டார்.

"இல்லன்னா எல்லாம் செத்திருக்கும், மச்சான்."

"செத்திருக்கலாம்," என்றேன்.

அவர் சிரித்தார். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

ஆண்களைப் பிரித்துவிட்டேன். பெண்கள்தான் என் உயிரை எடுத்தன. ஒவ்வொன்றாகப் பிடித்து விளக்கடியில் வைத்துப் பார்ப்பேன். இது மஞ்சள் ஆறு என்று முடிவு கட்டி அந்தப் பக்கம் விடுவேன். மறுநாள் சந்தேகம் வந்து திரும்பப் பிடிப்பேன். சாப்பாடு இறங்கவில்லை. இதற்குள் குஞ்சும் பொரித்தாயிற்று. மஞ்சள் தொண்டையும் சிவந்த வயிறுமாக வளர்ந்தன. கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் அவற்றையே கேட்டார்கள்.

"கலந்ததுதான் மச்சான் அழகே," என்று அவர்கள் எதிரிலேயே என்னிடம் சொன்னார். இப்படி ஒரு மீன் எந்த ஆற்றிலும் இல்லை, இது பொய் மீன் என்று எத்தனையோ தடவை விளக்கினேன். தலையாட்டுவார். காதில் ஏறாது.

குஞ்சுகள் இருந்த தொட்டியில், தண்ணீரைச் சூடாக்க உள்ளே வைக்கிற ஹீட்டரின் கண்ணாடி உடைந்திருந்ததைப் பார்த்தேன். தூக்கிப் போடவில்லை. தரையில் தண்ணீர் சிந்திக் கிடந்தது. துடைக்க வேண்டாம் என்றேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தவரிடம், குஞ்சுகளைப் பிடித்துத் தரச் சொன்னேன்.

"பிளக்கப் பிடுங்கிட்டீங்களா, மச்சான்?"

"பிடுங்கிட்டேன்."

பிடுங்கவில்லை. அவர் என்னை நம்பித்தான் கையை விட்டார். விழுந்த பிறகு பிளக்கைப் பிடுங்கினேன். முதலில் மீன்களைப் பார்த்தேன். பிறகுதான் அவரை.

மீனுக்காகச் செய்ததுதான், ஐயா. வேறு பகை எதுவும் கிடையாது. தங்கை இப்போது மாசமாக இருக்கிறாள். குழந்தை எங்கள் வீட்டு ஜாடையில் பிறந்தால் வளர்க்கிற செலவு என்னுடையது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர் ஜாடையும் கலந்து பிறந்தால் என்ன செய்வது என்பதைத்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.