பதினாலு மீட்டர்

– கதவைச் சாத்துங்க அத்தான். நாளைக்கு அந்தக் கப்பலை உள்ள கொண்டு வராதீங்க.

– நல்லா இருக்குடா மச்சான்! வர்ற கப்பலுக்கு வழிகாட்டி உள்ள கூட்டிட்டு வர்றதுக்குத்தான் எனக்குச் சம்பளம். வெளில பந்தல் போட்டாச்சு, சிவப்புக் கம்பளம் விரிச்சாச்சு. "கேந்திர முக்கியத்துவம்"னு துறைமுகத் தலைவர் காலைலேர்ந்து விழாப் பேச்சுக்கு ஒத்திகை பாக்குறாரு. பாவம், "கேந்திர"த்துலயே பல்லு மாட்டிக்குது.

– விளையாடாதீங்க. கால்வாய் ஆழம் பதினாலு மீட்டர் இல்ல. பன்னெண்டுதான்.

– உன் வரைபடத்துல பதினாலுன்னுதானே இருக்கு? அளந்தவன் நீ.

– கடல் ஏறி நின்ன நேரத்துல அளந்தேன். தலைவர் கேமராக்காரனோட படகுல வந்து பக்கத்துல நின்னாரு. கருவி பதினாலு காட்டுச்சு. கை தட்டிட்டாரு.

– கடல் நல்லா வத்தினப்புறம் எவ்வளவோ, அதைத்தானே எழுதணும்? நேத்து வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் தெரியுமேடா.

– ரெண்டைக் கழிச்சு எழுதலாம்னுதான் இருந்தேன். மறுநாள் பாத்தா பதினாலு மீட்டர்னு விழா பேனர்ல ஏறிடுச்சு. பேனர்ல ஏறினதை எப்படிக் கழிக்கிறது?

– அதனால பேனரைப் பாத்து வரைபடம் போட்டுட்டே. கையெழுத்து போடுறப்போ கை கூசல?

– நாலு வார்த்தை திட்டிடுங்க அத்தான். நீங்க இப்படிப் பாக்குறதுதான் தாங்கல.

– உங்கக்கா பக்கத்து வீட்டுல பீத்திக்காத நாள் கிடையாது. "என் தம்பி அளந்தா கடலே ஒத்துக்கும்"னு.

– அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.

– சரி, கடல் ஏறட்டும். அப்புறம் கொண்டு வர்றேன்.

– அமைச்சர் பத்து மணிக்கு வர்றாரு. பத்து மணிக்குத்தான் கடல் அடியோட வத்தும்.

– கடலுக்கும் ஒரு அழைப்பிதழ் வெச்சிருக்கலாம்.

– சிரிக்காதீங்க. கப்பல் பதிமூணு மீட்டர் முங்கி வருது, கப்பலைச் சோதிச்சு எழுதின தாள்ல மத்தியானம் பாத்தேன். நட்ட நடுக் கால்வாய்ல தரை தட்டி நிக்கும். கொண்டு வந்தது நீங்கன்னு பழியெல்லாம் உங்க தலைல விடியும். நானே போயி தலைவர்கிட்ட உண்மையைச் சொல்லிடுறேன். வேலை போனாப் போகட்டும்.

– உக்காரு.

– விடுங்க, உக்காந்தா தைரியம் போயிடும்.

– உக்காருடா. தட்டாது.

– பன்னெண்டு மீட்டர் தண்ணில பதிமூணு எப்படித் தட்டாம போகும்?

– வெளில நங்கூரம் போட்டு நிக்கிற கப்பல்ல காலைல ஏறிப் பாத்தேன். நாலாயிரம் சரக்குப் பெட்டி. ஒண்ணைத் தட்டினேன், கல்யாண வீட்டு அண்டா மாதிரி கணீர்னுது. அடுத்ததும் அப்படித்தான். அத்தனையும் காலி மச்சான். இந்தத் துறைமுகத்துக்கு ஒருத்தனும் ஒரு மூட்டைகூட அனுப்பல. விழாவுக்காக வாடகைக்குப் பிடிச்சுட்டு வந்திருக்காங்க. எட்டு மீட்டர்கூட முங்கல.

– ஆனா தாள்ல பதிமூணுன்னு போட்டு, "நேரில் பார்த்தேன்"னு எழுதியிருந்துச்சே! அதுல எவன் கையெழுத்து போட்டான்?

– கை கூசலயான்னு உன்னைக் கேட்டேன்ல? எனக்குக் கூசுச்சுடா. போட்டுட்டேன்.