ஏறிறது ஃப்ரீ, இறங்கிறதுக்கு டிக்கெட்

...கரண்ட் போகேல்ல பிள்ளை, லைட் எரியுதுதானே! லிஃப்ட்தான் நிண்டிட்டுது. தட்டாதேங்கோ, கைதான் நோகும். நான் பொன்னம்பலம், அஞ்சாம் மாடி, இந்த ஃபிளாட்ஸ் கமிட்டிக்குத் தலைவர். நீங்க நேற்று எட்டாம் மாடிக்கு வந்த ஆள்தானே? குப்பைப் பைக்குள்ள என்ன, மீன் செதிலோ? பரவாயில்ல, கொஞ்சம் தள்ளி வையுங்கோ. மணி என்ன? மூண்டரை தாண்டிட்டுதோ! ஐயோ, நாலு மணிக்கு வோட்டு முடிஞ்சிடும்! வோட்டுப் போடிற ஸ்கூல் பக்கத்து லேன்தான். நான் இன்னும் போடேல்ல! ஃபோனோ? வோட்டுப் போடிற இடத்துக்குள்ள விடமாட்டினம் எண்டு வீட்டில வைச்சிட்டு வந்தனான். குப்பை போட வந்த உங்கட கையிலயும் மணிக்கூடு மட்டும்தானோ?

ஏன் காலமையே போகேல்லயோ? முடிவெடுக்க வேண்டாமே! மூண்டு மாசமா மண்டையைப் போட்டு உடைக்கிறன். ஒரு பக்கம் சொல்லுது, எல்லாம் பொது, எல்லாருமாச் சேந்து கட்டுவம் எண்டு. மற்றப் பக்கம் சொல்லுது, பாவிக்கிறவன் கட்டட்டும் எண்டு. ரெண்டு கட்சியின்ர நோட்டீசையும் வாசிச்சன். ரெண்டும் சரி மாதிரித்தான் கிடக்கு! அதான் லிஃப்டில செய்து பாத்தனான்.

முதல் மாசம் இடதுசாரி. எல்லா வீடும் ஒரே அளவு கட்டோணும், ஆரும் எத்தினை தரமும் போகலாம். கீழ்வீட்டுக் கொன்ஸ்ரன்ஸ் சண்டைக்கு வந்திட்டா. 'நான் நிலத்தில இருக்கிறன், எட்டாம் மாடிக்காரர் ஏற நான் ஏன் கட்டோணும்?' பிறகு, கட்டினதை வீணாக்கக் கூடாதெண்டு ஒரு கதிரையைக் கொண்டுவந்து இதுக்குள்ள போட்டு இருந்திட்டா! மேல போறா, கீழ வாறா, கறிக்குப் போஞ்சி வெட்டுறா...

ரெண்டாம் மாசம் வலதுசாரி. ஏறினாலும் டிக்கெட், இறங்கினாலும் டிக்கெட். நாலாம் மாடி ஷஹீமா டிக்கெட்டை மொத்தமா வாங்கி வைச்சு, மழை நாளில ரெட்டை விலைக்கு வித்தா. கெட்டிக்காரி, பேசேலாது! என்ர வீட்டுக்காரி நாகேஸ்வரிக்கு முழங்கால் வருத்தம். 'கட்டின மனுசனிட்டயே டிக்கெட் எடுத்து நான் கோயிலுக்குப் போகேல்ல' எண்டு பதினெட்டு நாள் வீட்டை விட்டு இறங்கேல்ல. எனக்கு மனசு கேக்கேல்ல பிள்ளை, பொய் சொல்லேல்ல.

அதான் இந்த மாசம் ரெண்டையும் கலந்தனான். ஏறிறது இடதுசாரி, ஃப்ரீ. இறங்கிறது வலதுசாரி, டிக்கெட். என்ன நடந்துது? எல்லாரும் படியால இறங்கி லிஃப்டில ஏறீனம்! இறங்கிறது நான் ஒராள்தான், தலைவர் எண்ட மரியாதைக்கு... அதுசரி, உங்களிட்ட டிக்கெட் இருக்கோ? சரி சரி, புது ஆள், விடுங்கோ.

அவசரப் பெல்லோ? அமத்தாதேங்கோ, அது இல்ல. பெல் பொதுவோ, அதுக்கும் டிக்கெட்டோ எண்டு கமிட்டியில முடிவாகேல்ல. அதுவரைக்கும் கழட்டி அலுமாரிக்குள்ள வைச்சிருக்கிறன்.

அதென்ன விரலில மை? போட்டிட்டீங்களோ! பழைய வீட்டு விலாசத்தில, கொட்டாஞ்சேனைக்குப் போயோ? எப்பிடி முடிவெடுத்தனீங்க? ...சிரிக்கிறியள். நாகேஸ்வரியும் ஏழு மணிக்கே ஒவ்வொரு படியாப் பிடிச்சுப் பிடிச்சு இறங்கிப் போட்டிட்டு வந்திட்டா. ஆருக்கெண்டு கேட்டா, 'உங்களை மாதிரி இல்லாத ஆளுக்கு' எண்டிறா!

மணி? நாலுக்கு இன்னும் ஆறு நிமிசமோ? கடவுளே! எங்க துலைஞ்சான் இந்த வாச்சர்? சஜீத்! டேய் சஜீத்! நல்ல சம்பளம், நல்ல சாப்பாடு, ஆபத்துக்கு ஆளைக் காணேல்ல! சஜீ...

ஓ.

...ஒண்டுமில்ல பிள்ளை. அவன் வோட்டுப் போடத் தன்ர வீட்டுப் பக்கம், பாமன்கடைக்குப் போயிட்டான். சைக்கிளில. லீவு குடுத்தது நான்தான், சட்டம் அப்பிடி. 'மூண்டரைக்கு லிஃப்டை நிப்பாட்டிப் போட்டுப் போடா, அதுக்குப் பிறகும் வோட்டுப் போடாம இருக்கிற சோம்பேறிக்கு என்ன லிஃப்ட்?' எண்டு... என்ர வாயாலதான் சொன்னனான். நோட்டீசும் ஒட்டிக் கிடக்கு. கையெழுத்தும் என்ரதான்.

சிரிக்காதேங்கோ! ஆனா இப்ப விளங்கீட்டுது, ஆருக்குப் போடோணும் எண்டு. சத்தியமா! லிஃப்டைப் பொதுவா நடத்தட்டும், டிக்கெட்டுக்கு நடத்தட்டும்... உள்ளுக்கு நிக்கிறவன்ர பெல்லைக் கழட்டாதவனுக்கு! மூண்டு மாசத்துக்குப் பிறகு முடிவெடுத்திட்டன் பிள்ளை!

ஆ, அசையுது, அசையுது! சஜீத் வந்திட்டான்! மணி என்ன? ...நாலு பத்தோ.

...இது மேலயல்லோ போகுது.

சரி, விடுங்கோ. ஏறிறது ஃப்ரீதானே.