பூஜைத் தட்டில் வைத்த கண்ணாடி

மூக்குக் கண்ணாடி வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பிரேமைத்தான் பார்க்கிறார்கள். லென்ஸைப் பற்றி ஒரு கேள்வி கேட்பதில்லை. ஆயர் ஈத்தாமில் இருபத்திரண்டு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். முகத்துக்கு எடுப்பாக இருக்கிறதா என்று இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்ப்பார்கள், பணத்தைக் கட்டுவார்கள், போய்விடுவார்கள். பார்வையை முழுசாக என் கையில் கொடுத்துவிட்டுப் போகிறோம் என்கிற எண்ணமே அவர்களுக்குக் கிடையாது.

ஜெயலெட்சுமி அம்மா, நீங்கள் இந்த வாக்குமூலத்தை மலாயில் மொழிபெயர்த்து இன்ஸ்பெக்டர் அஸ்ஹரிடம் கொடுக்கப்போகிறீர்கள். அவர் நல்ல மனிதர். நேற்று எனக்குத் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் அவருடைய அறிக்கையில் 'கவனக்குறைவு' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. இறந்துபோன மோகனராஜின் கண்ணாடியை நான் கவனக்குறைவால் தப்பாகச் செய்து கொடுத்துவிட்டேனாம். அபராதத்தோடு போய்விடும் என்று என் வக்கீலுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் கபிலன். தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி அப்புத்துரையின் மகன். வயது ஐம்பத்தொன்று. நான் பில்லியர்ட்ஸ் ஆடுகிறவன். ஆடுகிறவன் என்றால் மற்றவர்கள் ஆடுகிற மாதிரி இல்லை. காலையில் பல் துலக்கும்போதே என் முழங்கை கியூக் கோல் பிடித்த கணக்கில் முன்னும் பின்னும் போய்வரும். தட்டில் பட்டாணி விழுந்தால் எதைத் தட்டினால் எது எங்கே உருளும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அப்பா இறந்த எட்டாம் நாள், எட்டுச் செலவுச் சடங்கு அன்று, ஐயர் கிளம்பிய கையோடு நானும் கிளம்பிவிட்டேன். மூன்று மணிக்கு மேசை சொல்லி வைத்திருந்தேன். என் மனைவி பிரியந்தி பதினாறு வருஷம் பொறுத்தாள். போகிற அன்று, "உங்களுக்கு மனுசி தேவையில்லை, மேசை ஒண்டு காணும்" என்றாள். அதில் தப்பு ஏதும் எனக்குத் தெரியவில்லை. அவளுடைய பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டுப் பயிற்சிக்குப் போனேன்.

சந்தைக்குப் பின்னால் மாடியில் பழனியப்பனின் பில்லியர்ட்ஸ் சென்டர். ஏழு மேசை. அங்கே வருகிற கூட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஓங்கி அடிப்பார்கள், பந்துகள் நாலா பக்கமும் சிதறும், ஒன்று தானாகக் குழியில் விழுந்தால் தாங்களே கை தட்டிக்கொள்வார்கள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. அவர்களுக்கு நடுவே, அங்கே வருஷா வருஷம் நடக்கும் போட்டியின் தீபாவளிக் கிண்ணத்தை ஆறு வருஷம் தொடர்ந்து நான் வாங்கினேன். ஏழாவது வருஷம் மோகனராஜ் வந்து சேர்ந்தான்.

ஜுருவில் ஏதோ தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறவன். முப்பத்து நாலு வயது. கடல் பாலத்தைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் வருவான், பின்னால் மனைவி குணவதி. சொந்தமாக ஒரு கியூ இல்லை. சுவரில் மாட்டியிருக்கும் கடைக் கியூவில் கைக்கு வந்ததை எடுப்பான். ரொட்டி சானாய் தின்ற கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டுக் குனிவான். கீறல் விழுந்த ஒரு பழைய கண்ணாடி, கழன்று விழாமல் இருக்கத் தலைக்குப் பின்னால் ரப்பர் பட்டை. பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருக்கும். அந்த வருஷம் இறுதி ஆட்டத்தில் ஒன்பதுக்கு ஏழு என்று என்னை ஜெயித்தான். குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்த கதை என்று விட்டுவிட்டேன். அடுத்த வருஷம் ஒன்பதுக்கு நாலு.

"எப்படித் தம்பி அடிக்கிற?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"தெரியலண்ணே. பந்த ரொம்ப பாக்கறதில்ல. சத்தம் வச்சி ஒரு கணக்குலா" என்று இளித்தான்.

திமிர். வேறென்ன. பழனியப்பன் வேறு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்னு சும்மாவா சொன்னாங்க" என்று அவன் முதுகில் தட்டினார். என்னுடைய கியூ ஜப்பானிலிருந்து வரவழைத்தது. நான் அதைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். கடையும் மனைவியும் போனாலும் எனக்கு அந்த ஒரு கிண்ணம் போதும். அதை ஒரு ரப்பர் பட்டைக்காரன் வீட்டில் தொலைக்காட்சி மேல் வைத்துப் பிளாஸ்டிக் பூ சொருகியிருக்கிறான் என்று கேள்விப்பட்டேன்.

இந்த வருஷம் அவனுடைய தொழிற்சாலையில் கண் பரிசோதித்து வரச் சொன்னார்கள். நம்ம அண்ணன் கடை இருக்கும்போது வேறெங்கே போவது என்று என்னிடமே வந்தான். பழைய கண்ணாடியைக் கொடு, அதன் பவரையும் பார்க்கிறேன் என்றேன். "வேணாண்ணே, இது ராசியான கண்ணாடி" என்று சட்டைப் பையில் போட்டு மூடிக்கொண்டான். சரி என்று கண்ணை மட்டும் சோதித்தேன்.

அவனுக்குக் கிட்டப்பார்வை. அதோடு கண்ணின் வளைவில் கோணல். அந்தக் கோணலைத் திருத்தும் லென்ஸைச் சரியான பாகையில் வைத்தால்தான் நேர்க்கோடு நேராகத் தெரியும். அவனுக்கு இருபது பாகை. நான் ஐம்பதில் வைத்து வெட்டினேன். அம்மா, இந்த இடத்தை நிதானமாக மொழிபெயர்க்க வேண்டும். கை தவறவில்லை, எண்ணைத் தப்பாகப் படிக்கவில்லை. வெட்டுவதற்கு முன் நாலு தடவை அளந்தேன். அதைப் போட்டால் கோடுகள் சாயும், விளக்கு வெளிச்சம் நீண்டு இழுக்கும், பந்து கொஞ்சம் முட்டையாகத் தெரியும். மேசையில் அரை விரல் பிசகினால் போதும். விளையாட்டில் தோற்றதால் எவனும் செத்ததில்லை.

ஆனால் அவன் அதைப் போட்டுப் பார்க்கவே இல்லை. பெட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "புதுசு தீபாவளிக்குத்தாண்ணே போடணும்" என்றான். சட்டை துணிமணிதான் தீபாவளிக்கு வைப்பார்கள் என்று நினைத்திருந்தேன். கண் தெரிவதையுமா ஒத்திவைப்பார்கள். பழைய கண்ணாடியோடே விளையாடி, அரையிறுதியிலும் ஜெயித்துவிட்டான். எனக்கும் அவனுக்கும் இறுதி ஆட்டம் விஜயதசமி அன்று.

அதற்கு முதல் நாள் ஆயுத பூஜை. பழனியப்பன் வருஷா வருஷம் மேசைகளையெல்லாம் மூடி, கியூக்களைச் சுவரோரம் சாய்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைப்பார். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை யாரும் தொடக்கூடாது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. அன்று மட்டும் வேட்டி கட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் நின்றேன். மோகனராஜும் குணவதியும் வந்திருந்தார்கள். அவன் கடைக் கியூ ஒன்றுக்குப் பொட்டு வைத்துவிட்டு நிமிர்ந்தபோது நான் சொன்னேன்.

"கண்ணாடியையும் வை தம்பி. உனக்கு அதுதானே ஆயுதம்."

அவன் முகம் மலர்ந்துபோயிற்று. "ஆமால்ல. அண்ணனுக்குத்தான்லா தோணும்" என்று ரப்பர் பட்டையோடு கழற்றித் தட்டில் வைத்தான். குணவதிதான், "அப்புறம் எப்படிங்க வீட்டுக்குப் போறது? மழ வேற வருது" என்றாள்.

"புதுசு இருக்கே. சாமி முன்னால போடுறது நல்லதுதான்" என்றேன். அவன் தலையாட்டிவிட்டு, தொழிற்சாலையில் காட்டுவதற்காகப் பையிலேயே வைத்திருந்த புதுக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

மேசைக்காக மட்டும்தான் செய்தேன் என்று எழுத நினைத்தேன். ஒரு இரவு அந்தக் கண்ணாடியோடு இருந்தால் மறுநாள் ஆட்டத்தில் கண் தடுமாறும், அவ்வளவுதான் என்று. அது முழு உண்மை இல்லை. மணி ஏழு ஆகப்போகிறது. தூறல் பிடித்துவிட்டது. ஜுரு போகப் பாலத்தைத் தாண்ட வேண்டும், பாலத்தில் லாரிகள் இருக்கும், லாரிக்குப் பின்னால் விளக்கு இருக்கும். ஒழுங்காக ஆடுகிறவன் ஒரு பந்தை அடிக்கும்போதே அதற்கடுத்த மூன்றையும் பார்த்துவிடுவான். நான் பார்த்துவிட்டேன். கீழே போய் வழியனுப்பி வைத்தேன்.

மோட்டாரில் உட்கார்ந்தவன் தெருவைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டான். "அண்ணே, லைட்டெல்லாம் சாஞ்சி சாஞ்சி தெரியுது."

"புதுசு அப்படித்தான் இருக்கும். ரெண்டு நாள்ல பழகிடும். பார்த்துப் போ."

பாலத்தின் நடுவே ஒரு லாரி பழுதாகி ஓரமாக நின்றிருந்தது. அவன் வேகத்தைக் குறைக்கவே இல்லையாம். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்போதே உயிர் போய்விட்டது. குணவதிக்கு இடுப்பும் ஒரு காலும் முறிந்தன. மூன்று வாரம் கழித்துப் பேச்சு வந்ததும், "லைட்டு சாயுதுன்னு சொன்னாரு சார், அண்ணன்தான் பழகிடும்னாரு" என்று சொல்லியிருக்கிறாள். அதிலிருந்துதான் நீங்களெல்லாம் கண்ணாடியை எடுத்து அளந்தீர்கள்.

விபத்துக்கு மறுநாள் பழனியப்பன் போட்டியை ஒத்திவைக்கலாம் என்றார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது அவருக்கு. விதிப்படி வராதவன் தோற்றவன் என்றேன். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கிண்ணம் போன வருஷத்து வெற்றியாளன் வீட்டில் இருந்தது. அதையும் யாராவது போய் எடுத்துவர வேண்டும் என்று ஞாபகப்படுத்தினேன். "ஒங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்காண்ணே?" என்று பழனியப்பன் கேட்டார். பதில் சொல்லும் அளவுக்கு அது ஒரு கேள்வியில்லை. அந்தக் கூட்டம் எப்போதும் இப்படித்தான், ஆட்டத்தையும் அழுகையையும் போட்டுக் குழப்பிக்கொள்ளும்.

படியிறங்கப் போனபோது தட்டிலிருந்த பழைய கண்ணாடியை என் கையில் திணித்து, "இதையாச்சும் குணவதிப் பிள்ளகிட்ட சேத்துடுங்க" என்றார். கடைக்குக் கொண்டுவந்தேன். சந்தனத்தைக் கழுவிவிட்டுப் பவர் அளக்கும் கருவியில் வைத்தேன். தொழில் பழக்கம், வேறொன்றுமில்லை.

அவனுக்கு வேண்டிய பவரில் மூன்றில் ஒரு பங்குகூட அதில் இல்லை. கோணலைத் திருத்தும் லென்ஸே கிடையாது. வேறு யாருக்கோ செய்த கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு பார்த்தால் மேசையின் மறுகோடியில் கிடக்கும் பந்து வெறும் கலங்கலான ஒரு நிறமாகத்தான் தெரியும். அதை வைத்துக்கொண்டு உலகத்தில் எவனும் என்னை ஒன்பதுக்கு நாலு என்று ஜெயிக்க முடியாது. மறுபடியும் இரண்டு தடவை அளந்தேன். மூன்று தடவையும் அதே எண்தான் வந்தது.

கருவி பழுதாகிவிட்டது. கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். ஆள் வந்து சரிபார்க்கிற வரைக்கும் அது காட்டும் எந்த எண்ணையும் நம்ப வேண்டாம் என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிடுங்கள், அம்மா.