கிழிந்த காது சொன்ன சாட்சி

அருளாளன் அல்லாஹ்வை நெஞ்சில் நிறுத்தித் தொடங்குகிறேன். அவைக்குத் தலைமை தாங்கும் ஜனார்த்தனன் ஐயா அவர்களே, கம்பளையிலிருந்தும் மடுல்கெல்லவிலிருந்தும் மலைப்பாதை கடந்து வந்திருக்கும் மாண்புடைய பெரியோரே, பிள்ளையை மடியிலும் பெருமையை மனத்திலும் தாங்கி அமர்ந்திருக்கும் தாய்மாரே, உங்கள் அனைவர் மீதும் சாந்தி நிலவட்டும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மிச்சத்தை அடுப்படியில் படித்தேன். பிழையிருந்தால் பொறுத்தருளுங்கள்.

பக்கத்து மண்டபத்தில் மூன்று படங்கள் தொங்குகின்றன. வெள்ளைக்காரர் ஆட்சியில், இந்நாட்டின் இனங்களைப் பதிவு செய்யவென்று தீட்டியவை. ஒன்றின் கீழே 'கண்டிச் சிங்களப் பெண்', அடுத்ததில் எங்கள் முஸ்லிம் இனத்தைச் சொல்ல 'சோனகப் பெண்', மூன்றாவதில் தோட்டத் தமிழரைச் சொல்ல 'மலபார் கூலிப்பெண்'. பெயர் உண்டா? இல்லை. ஊர் உண்டா? இல்லை. பெற்றவள் வைத்த பெயரைக் கேளாமல், பெட்டியில் சீட்டு ஒட்டுவது போல் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

இப்படங்களை விளக்கும் வேலை மஹய்யாவ ஊர்ப் பரிமளத்தின் மகள் துஷானிக்குக் கிடைத்தது. முதல் வேலை. மூன்றாம் படத்தைக் கண்டதும், "நா வரல" என்று வீட்டில் இருந்துவிட்டாள். பரிமளம் என்னிடம் சொன்னார்: "அந்தப் பேரப் படிச்சிட்டு எம்புள்ள மொகத்தப் பாப்பாங்க ராத்தா. வேல போனாப் போகட்டும்."

முந்தாநாள் லுஹர் தொழுதுவிட்டு, அம்மண்டபப் பொருட்களுக்குப் பொறுப்பானவள் என்பதால் படங்களைப் பட்டியலோடு சரிபார்த்தேன். எதையும் மும்முறை பார்ப்பது என் வழக்கம். இரண்டாம் முறையில் ஒரு காது கண்ணில் பட்டது. சிங்களப் பெண்ணின் இடது காதுமடல் கிழிந்திருந்தது. முக்காடு விலகிய சோனகப் பெண்ணுக்கும் அதே கிழிசல். கூடை சுமந்தவளுக்கும் அதே கிழிசல், அதே மூக்கு, நாடியில் அதே மச்சம்.

தாயையும் மகளையும் அழைத்துக் காட்டினேன்.

"அடியாத்தே, மூனும் ஒருத்தி. சீலைய மாத்துனவரு காத மாத்த மறந்துட்டாரு" என்றார் பரிமளம்.

"எங்கட ஆளா, உங்கட ஆளா?" என்றேன்.

"யாருக்குத் தெரியும் ராத்தா? ஆனா ஒங்க முக்காடு அவளுக்கு எடுப்பாத்தான் இருக்கு."

பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், துஷானியும் அப்படித்தான் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் என் நெஞ்சுப் பாரம் இறங்கியது, அல்ஹம்துலில்லாஹ்.

நம் தொழுகை வேறு, வழிபாடு வேறு, வழக்கும் வேறு. அதை யார் சொல்ல வேண்டும்? நாம் சொல்ல வேண்டும். எவர் கேட்டாலும் நம் வாயால் சொல்ல வேண்டும். ஒருத்திக்கு மூன்று உடை உடுத்தி, மூன்று சமூகத்தை அளந்துவிட்டோம் என்றவர்களின் சீட்டா சொல்வது?

தலைவர் ஐயா சீட்டுகளை அகற்றினார். 'பெயர் கேட்கப்படாத ஒரு பெண்' என்று துஷானி தன் கையால் எழுதி மாட்டினாள். இப்போது அந்த மூன்றாம் படத்தின் முன்னேதான் நிற்கிறாள். செவி தந்த உங்களுக்கு நன்றியும் ஸலாமும். போய்ப் பாருங்கள். எதையும் கேளுங்கள், விளக்குவாள். ஆனால் முதலில் அவள் பெயரைக் கேளுங்கள்.